சோதனைத் தலை எண் ஒன்று

தொபோல்னா நகரசபையின் இறப்புப் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியவரும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் அந்த ஊரில் யாரும் முதுமையினால் இறந்ததில்லை. எல்லோரும் குறுக்குக்காற்று பட்டுத்தான் இறந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கதவும் எதிர்ப்பக்கம் ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் நடுவே பாய்ந்து வருமே, அந்தக் காற்று. தொண்ணூற்று நான்கு வயதில் காலமான தபால்காரர் ரதோயே, பேத்தி சமையலறைக் கதவைச் சாத்த மறந்ததால் காலமானார். லாரி மோதி இறந்த கசாப்புக்கடைக்காரருக்கு முந்தின நாள் பஸ்ஸில் காற்று பட்டுக் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் அவரால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. லாரிக்காரரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலைத் திறந்தது யார் என்றுதான் விசாரித்தார்கள்.

இத்தனை உயிர்களைக் குடித்த ஒன்றைச் சட்டம் கண்டுகொள்ளாமல் இருந்ததுதான் வியப்பு. அந்தக் குறை கடந்த ஜூன் மாதம் தீர்ந்தது. பொதுமக்களின் இடையறாத வேண்டுகோளுக்கு இணங்க, நகரசபை ‘குறுக்குக்காற்றுத் தடுப்பு மற்றும் ஈரத்தலைப் பாதுகாப்பு விதிகள்’ என்று நாற்பத்தாறு பிரிவுகளை நிறைவேற்றியது. விதிகள் ஐரோப்பியத் தரத்துக்கு ஏற்ப வகுக்கப்பட்டவை என்று முதல் வரியிலேயே இருந்தது. ஐரோப்பாவில் அப்படி ஒரு தரம் இருக்கிறதா என்று யாரும் எழுதிக் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம்தான். புதிதாக ஓர் அலுவலகம் திறந்தார்கள். அதற்கு மூன்று அதிகாரிகள், ஒரு கார், முப்பது வாத்து இறகுகள். ஒவ்வோர் இறகும் நூலில் கட்டப்பட்டு, எண் இடப்பட்டு, முத்திரை குத்தப்பட்டது. இறகு அசைந்தால் காற்று இருக்கிறது. அசையாவிட்டால் இல்லை. கன்னத்தில் பட்டதை வைத்துக் காற்றடிக்கிறது என்று மனிதர்கள் தாங்களாகவே முடிவு செய்துகொண்டிருந்த காலம் அத்துடன் முடிந்தது.

ஜூலை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கும் தெசங்கா, பிசெர்காவின் சலூனுக்குள் நுழைந்தபோது மணி பத்தரை. விதிகளைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. அவளிடம் ஏற்கெனவே இருந்த கவலையே அவளுக்கு வழிய வழிய இருந்தது. மகள் நெவெனா வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்தில் நிறைமாதமாக இருந்தாள். இன்னும் பத்து நாளில் பிள்ளை பிறந்துவிடும். தெசங்காவின் பாஸ்போர்ட்டோ ஏப்ரலிலேயே காலாவதி. புதிய பாஸ்போர்ட்டுக்கு அலுவலகத்தில் போய் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்திருந்த நேரம் இன்று பன்னிரண்டரை மணி. அதைத் தவறவிட்டால் அடுத்தது பிப்ரவரியில். பிப்ரவரியில் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும்.

இதில் தலைமுடிக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் தெசங்காவின் பழைய பாஸ்போர்ட்டைப் பார்க்காதவர்கள். பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் படம் எடுத்த அன்று கொட்டுகிற மழை. குடை திருப்பிக்கொண்டது. முடியெல்லாம் நெற்றியிலும் கன்னத்திலும் ஒட்டிக்கொள்ள, துடைக்க ஒரு கைக்குட்டை தேடுவதற்குள் கேமரா வேலையை முடித்துவிட்டது. முதல்முறை எல்லையைக் கடந்தபோது கூண்டுக்குள் இருந்த காவலர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அம்மா, இவங்களை ஆத்துல இருந்து எப்ப எடுத்தாங்க?” என்று கேட்டார். கேட்டதோடு நிறுத்தாமல் பக்கத்துக் கூண்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு பதினொரு முறை எல்லையைக் கடந்திருக்கிறாள். பதினொரு முறையும் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இன்னொரு பத்து வருஷத்துக்கு என்னால பொணமா போக முடியாது பிசெர்கா,” என்றாள், தலையைக் கழுவுதொட்டியில் சாய்த்தபடி. “வீட்டு ட்ரையர் கருகின வாசம் அடிக்குது. அதோட பின்பக்கம் எனக்குக் கை எட்டாது. நீ நல்லாச் செஞ்சு விடு. காத்துக்கும் கலையக் கூடாது.”

“என் கையால செஞ்சது கலைஞ்சா அப்புறம் என்னக்கா நான் கடை வச்சு?” என்றாள் பிசெர்கா.

சலூனில் இன்னொருத்தி வூகா. ரயில் நிலைய அதிகாரியின் விதவை. எழுபத்து மூன்று வயது. வாய்க்கு மட்டும் முப்பது. கஷ்கொட்டை என்கிற செம்பழுப்பு நிறச் சாயத்தைத் தலை நிறையப் பூசிக்கொண்டு, ஊறுவதற்காக மூலை நாற்காலியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பதினொன்றே காலுக்கு அதைக் கழுவ வேண்டும் என்று மேஜைமேல் கடிகாரம் வைத்திருந்தது.

பிசெர்கா கைகாரி. ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தாள், தேய்க்கவில்லை. முடியைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கிளிப் போட்டாள். பிடரியிலிருந்து தொடங்கினாள். உருண்டை பிரஷை முடியின் வேரை ஒட்டிப் பிடித்து இழுத்து, சூட்டை மேலிருந்து கீழாக ஓடவிட்டு, கடைசியில் குளிர்ந்த காற்று ஒரு மூச்சு கொடுத்து விடும்போது ஒவ்வொரு கற்றையும் பட்டுத் துணிபோல மடிந்து விழுந்தது. பிடரி முடிந்து வலப்பக்கமும் முடிந்தது. தெசங்கா கண்ணாடியில் தன் வலது பாதியைப் பார்த்து, யாரோ தெரிந்தவர்போல் இருக்கிறதே என்று லேசாகச் சிரித்தாள்.

அப்போது கதவு திறந்து உடனே சாத்தப்பட்டது. நகரசபை ஆய்வாளர் திஹோமிர் உள்ளே நின்றார். இடது காதுக்கு மேல் வளர்ந்த முடியை வழுக்கை வழியாக வலது காதுவரை கொண்டுபோய்ப் படிய வைத்திருந்தார். கையில் ஒரு பை, ஒரு கோப்பு, ஒரு குச்சி. குச்சியின் நுனியில் நூல். நூலில் இறகு எண் பதினேழு.

“வியாபார இடங்கள்ல இன்னைக்குத்தான் முதல் ஆய்வு,” என்றார். “உங்க கடையில இருந்து ஆரம்பிக்கிறோம். பெருமையா எடுத்துக்கணும். கதவு சாத்தியிருக்கு. ஜன்னல் சாத்தியிருக்கு. நல்லது.”

நல்லது என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை. முறைப்படி இறகையும் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று குச்சியை நீட்டினார். பிசெர்கா பாதிக் கற்றையில் இருந்தாள். அந்த இடத்தில் ட்ரையரை நிறுத்தினால் முடி வளைந்துவிடும் என்று நிறுத்தவில்லை. இறகு எண் பதினேழு நூலை அறுத்துக்கொண்டு பறந்துபோய் வூகாவின் சாயத்தில் ஒட்டிக்கொண்டது.

“டேய் திஹோமிர், உன் இறகை எடு. நான் வாத்து இல்ல,” என்றாள் வூகா.

ஆய்வாளர் எடுக்கவில்லை. ‘காற்று இருக்கிறது’ என்று எழுதினார்.

“ட்ரையர்ல காத்து வராம சூப்பா வரும்?”

“எங்கேருந்து வருதுன்னு விதி கேக்கல வூகா அம்மா. பிரிவு இரண்டு. ‘எதிரெதிரே அமைந்த இரு திறப்புகளுக்கு இடையே பாயும் காற்று எதுவாயினும்.’ அதைக் கொஞ்சம் காட்டும்மா.” பிசெர்காவின் கையிலிருந்து ட்ரையரை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வானத்தில் புது நட்சத்திரம் கண்டவர் முகம் அப்படித்தான் இருக்கும். “பின்னாடி ஒரு திறப்பு. முன்னாடி ஒரு திறப்பு. எதிரெதிர். நடுவுல காத்து. இது கையில பிடிக்கிற குறுக்குக்காத்தும்மா.”

மூன்று பெண்களுக்கும் அவர் சொன்னது சரி என்றே பட்டது. அதில் தப்பு சொல்ல இடமே இல்லை. தெசங்கா பிடரியைக் கையால் பொத்திக்கொண்டாள். முப்பது வருடமாக இதையா பிடரியில் வாங்கிக்கொண்டிருந்தோம்?

ஆனாலும் கண்ணாடி எதிரே இருந்தது. வலது பாதி கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவள். இடது பாதி ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டவள்.

“சார், என் தலை பாதியில நிக்குது,” என்றாள். “மீதியையும் முடிச்சிட்டு அப்புறம் தடை பண்ணுங்க.”

“தெரிஞ்சே ஒரு குடிமகளைக் காத்துல விடச் சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு, பையிலிருந்து காகிதப் பட்டையையும் பசையையும் எடுத்து, ட்ரையரின் முன்திறப்பை ஒட்டி மூடி முத்திரை குத்தினார். பின்திறப்பையும் மூடினார். ஒன்றை மூடினாலே எதிரெதிர் போய்விடும்தான். ஆனால் அலுவலகத்தில் முத்திரைக்குப் பஞ்சமில்லை.

தெசங்கா எழுந்து துண்டைத் தலையில் சுற்றினாள். “சரி, நான் இப்படியே போறேன். பன்னிரண்டரைக்கு எனக்குப் பாஸ்போர்ட்டு.”

ஆய்வாளர் கதவுக்கு முன்னால் வந்து நின்றார். “பிரிவு பத்தொன்பது. ஈரத்தலையோடு யாரையும் தெருவுக்கு விடக் கூடாது. விட்டா கடை உரிமம் ரத்து. இதை நான் சொல்லணுமா? ஈரத்தலையோட வெளிய போனா என்ன ஆகும்னு உங்க அம்மா சொல்லித் தரலையா?”

சொல்லித் தந்திருந்தாள். ஐந்து வயதிலிருந்து தினமும் சொல்லித் தந்திருந்தாள். தெசங்கா உட்கார்ந்துவிட்டாள்.

“அப்ப எப்படிக் காய வைக்கிறது?”

“இயற்கையா.”

“என் முடி இயற்கையாக் காய நாலு மணி நேரம் ஆகும்.”

“இயற்கையை நான் அவசரப்படுத்த முடியாது.”

“ஜன்னலைத் திறக்கலாமா?”

 மூன்று பேரும் தெசங்காவைப் பார்த்த பார்வையில் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

பிசெர்காதான் கேட்டாள். “இதுக்கு அனுமதின்னு ஒண்ணு இல்லாமலா இருக்கும் சார்?”

“இருக்கே. ‘தற்காலிகக் காற்று உற்பத்தி அனுமதி.’ நகரசபைக் கட்டடம், மூணாவது மாடி.”

“அங்க யாரு தர்றா?”

“நான்தான்.”

“அப்ப இங்கயே தந்துடுங்க.”

“இங்க நான் ஆய்வுல இருக்கேன். அனுமதி தர்ற ஆள் மூணாவது மாடியில இருக்கணும்.”

“எப்ப அங்க போவீங்க?”

“ஆய்வு முடிஞ்சதும்.”

“ஆய்வு எப்ப முடியும்?”

“ஈரத்தலை காஞ்சதும்.”

மேஜைமேல் கடிகாரம் அடித்தது. பதினொன்றே கால். வூகா எழுந்து கழுவுதொட்டிக்கு வந்தாள்.

“அம்மா, உட்காருங்க,” என்றார் ஆய்வாளர். “பிரிவு இருபத்து மூணு. பதினாலு சதுர மீட்டருக்கு ஒரு ஈரத்தலை. இந்தக் கடை பதினாலுதான். இந்தம்மா தலை காயாம உங்க தலையை நனைக்க முடியாது.”

“டேய், இது சாயம்டா. நேரத்துக்குக் கழுவலைன்னா நிறம் மாறிடும்.”

“நிறத்தைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல. அதுல உங்களுக்கு முழு சுதந்திரம்.”

“உனக்குத் துணி மாத்தி விட்டவ நான். உங்கம்மா சந்தைக்குப் போகும்போதெல்லாம் உன்னை என்கிட்டதான் போட்டுட்டுப் போவா.”

“அப்ப ஜன்னலைச் சாத்தி வச்சிருந்தீங்களா?” என்று கேட்டார் ஆய்வாளர், உண்மையான அக்கறையோடு.

வெளியே முப்பத்தேழு டிகிரி. உள்ளே அதைவிடக் கூட. பிசெர்கா ஆய்வாளருக்கும் ஒரு காபி வைத்தாள். ஆய்வின்போது எதையும் பெற்றுக்கொள்ளக் கூடாது என்பதால் அவர் அதைப் பெற்றுக்கொள்ளவில்லை. மேஜையில் இருந்ததைக் குடித்தார். குடித்துக்கொண்டே, மனதில் ஒரு வருத்தம் வந்தவராகக் கோப்பைத் திறந்தார்.

“என்னமோ நாங்க ஆசைப்பட்டுச் செய்யற மாதிரி பாக்குறீங்க. ஜனங்க கேட்டாங்க. இதோ மனு. ஆறாயிரத்து இருநூத்துப் பதினாலு கையெழுத்து. பஸ்ல யாரோ ஜன்னலைத் திறந்தாங்கன்னு ஆரம்பிச்சது. முதல் கையெழுத்து...” விரலை வைத்துப் படித்தார். “தெசங்கா ரூபெஜிச். யாரு இது, நம்ம ஊரா?”

பிசெர்கா சீப்புகளை அடுக்கத் தொடங்கினாள். வூகா மட்டும் தெசங்காவை ஆற அமரத் திரும்பிப் பார்த்தாள்.

“நல்லாக் கேட்டு வாங்கியிருக்கடி,” என்றாள்.

“அன்னைக்கு என் கிட்னியில குத்துச்சுக்கா. மூணு நாள் நிமிர முடியல,” என்றாள் தெசங்கா, துண்டின் ஓரத்தைத் திருகியபடி. “பஸ்ஸுக்குன்னுதான் எழுதினேன்.”

“விதி எல்லாருக்கும் பொது,” என்றார் ஆய்வாளர், பெருந்தன்மையாக. “முதல் கையெழுத்துக்காரங்கன்னு பாத்து உங்களுக்குச் சலுகை காட்ட மாட்டேன்.”

பதினொன்று முப்பத்தைந்து. தெசங்காவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இடது பக்கம் சொட்டுவதை நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான். நெவெனா கிராட்ஸில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிற காட்சியும், மருமகனின் அம்மா பெட்டியோடு முதல் ஆளாக வந்து இறங்குகிற காட்சியும் மாறி மாறி வந்தன. இரண்டாவதுதான் அதிகம் வலித்தது.

“இந்தம்மா பொண்ணு பிள்ளை பெறப் போறா சார்,” என்றாள் பிசெர்கா மெதுவாக. “பாஸ்போர்ட் இல்லாட்டா போக முடியாது.”

“பொறக்கப் போற குழந்தையை நெனைச்சுப் பாருங்க. காத்து பட்ட பாட்டியைத் தொட விடுவாங்களா?”

அவர் கேலி செய்யவில்லை. அந்த ஊரில் யாரும் இந்த விஷயத்தில் கேலி செய்வதில்லை.

பதினொன்றே முக்காலுக்கு ஆய்வாளரின் போன் அடித்தது. மனைவி. அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்கும் குரல்.

“திஹோமிர், பன்னெண்டரைக்கு எனக்கு பிசெர்காகிட்ட நேரம். அந்தப் பக்கமா இருந்தா ஞாபகப்படுத்திடு. சாயங்காலம் மேடையில மேயர் பக்கத்துல நிக்கணும், வெளிநாட்டுக்காரங்க படம் எடுப்பாங்க. பத்து நாளா இந்தத் தலையை நான் இதுக்காகத்தான் தொடாம வச்சிருக்கேன். கேக்குதா?”

அன்று மாலை ‘குறுக்குக்காற்றில்லா நகரம்’ என்ற விழா. எங்கிருந்தோ ஒரு பிரதிநிதிகள் குழு வருகிறது. மனைவி சொன்னது ஆய்வாளருக்கு நன்றாகவே கேட்டது. போனை மூடிவிட்டு, மேஜையில் கிடந்த ட்ரையரைப் பார்த்தார். முன்னால் ஒரு முத்திரை, பின்னால் ஒரு முத்திரை. இரண்டும் அவர் கையால் குத்தியவை, அழுத்தமாக.

“யாருப்பா, லியுபிங்காவா?” என்றாள் வூகா. “வரச் சொல்லு. மூணு பேரும் சேந்து இயற்கையாக் காயலாம்.”

“இல்ல அம்மா, நீங்க காய முடியாது,” என்றாள் பிசெர்கா. “ஒரு நேரத்துல ஒரு ஈரத்தலைதான். தெசங்கா அக்கா, அப்புறம் நீங்க, அப்புறம்தான் சாரோட வீட்டம்மா. நாளைக்குச் சாயங்காலம் முறை வந்துடும்.”

ஆய்வாளர் விதிப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து படித்தார். வேர்வை வழுக்கையில் ஓடி, படிய வைத்த முடியின் கரையைத் தொட்டது. நாற்பத்தொன்றாம் பிரிவில் விரல் நின்றது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

“இறகு எண் பதினேழு, கடமையின்போது நூல் அறுந்து செயலிழந்தது,” என்றார், கடிதம் சொல்லி எழுதவைக்கிற குரலில். “எனவே மாற்று இறகைச் சரிபார்க்க வேண்டியுள்ளது. பிரிவு நாற்பத்தொன்று. ‘கருவியைச் சரிபார்க்கும் பொருட்டு, அதிகாரி தம் கையால் காற்றை உண்டாக்கலாம்.’ அது குறுக்குக்காத்து இல்ல. அது அரசாங்கக் காத்து.”

“அரசாங்கக் காத்து பட்டா ஒண்ணும் ஆகாதா?” என்று தெசங்கா உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“பொறுப்பு என்னுடையது. சரிபார்ப்புக்கு ஒரு ஈரத்தலை வேணும். யாராவது மனமுவந்து முன்வர்றீங்களா?”

தெசங்கா கையைத் தூக்கினாள். படிவத்தில் ‘சோதனைத் தலை எண் ஒன்று’ என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கினார். இந்த முறையும் முதல் கையெழுத்து அவளுடையதுதான்.

பிறகு நடந்ததைத் தொபோல்னாவில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காற்றை உண்டாக்குவது அதிகாரியின் கையாக இருக்க வேண்டும் என்பதால், தான் குத்திய இரண்டு முத்திரைகளையும் தானே கிழித்துவிட்டு, ட்ரையரை ஆய்வாளரே பிடித்தார். பிரஷ் பிசெர்காவிடம். இறகு எண் பதினெட்டை வூகா பிடித்துக்கொண்டாள். ஆய்வாளர் முன்னெச்சரிக்கையாகக் கழுத்தில் துண்டு சுற்றிக்கொண்டார். நெஞ்சில் தடவிக்கொள்ளப் பிசெர்கா கொடுத்த பிளம் சாராயத்தில் பாதியைத் தடவினார், பாதியை உள்ளே தடவினார்.

“சார், முடிக்கு எதிரா பிடிக்காதீங்க. மேலிருந்து கீழ.”

“இப்படியா?”

“தலையில கொள்ளி வைக்கிற மாதிரி கிட்டக் கொண்டுபோகாதீங்க. ஒரு சாண் தள்ளி. நான் பிரஷை இழுக்கிறப்ப கூடவே வாங்க. ம். இப்ப குளிர் பொத்தான்.”

“இறகு அசையுதா வூகா அம்மா?”

“அசையுதுடா, அசையுது. உன் முடியும்தான் அசையுது.”

அசைந்தது மட்டுமல்ல. வலது காதுக்குக் கொண்டுபோயிருந்த முடி மொத்தமும் எழுந்து, இடது காதின் மேல் கொடிபோல நின்றது. ஆனால் அவர் விடவில்லை. நெற்றி ஓரம் வரும்போது நாக்கைக் கடித்துக்கொண்டு, பிசெர்கா சொல்லாமலே கையைத் தாழ்த்தினார். இருபது வருட அரசுப் பணியில் அவர் ஒரு காரியத்தை முடித்து, முடிந்ததைக் கண்ணால் பார்த்தது அதுதான் முதல்முறை. உச்சியில் பிசெர்கா நான்கு ரோலர் வைத்து எடுத்தாள். ஸ்ப்ரே ஒரு சுற்று. தெசங்கா கண்ணாடியைப் பார்த்தாள்.

இரண்டு பாதியும் ஒன்றாகிவிட்டன. தலையை ஆட்டினால் முடி கூடவே போய், கூடவே திரும்பி வந்தது. ஐம்பத்து நான்கு வயதில் தன் முகத்துக்கு இப்படி ஒரு சட்டம் போட்டுப் பார்ப்போம் என்று அவள் நினைத்ததே இல்லை.

“சார், உங்களுக்கு நல்ல கை,” என்றாள்.

“கருவி சரியாக இயங்குகிறது என்று எழுதிக்கறேன்,” என்றார் ஆய்வாளர். முகம் சிவந்திருந்தது.

பன்னிரண்டு பத்து. சோதனைத் தலை எண் இரண்டாக வூகா தொட்டிக்குப் போனாள். கஷ்கொட்டைக்கு ஊற வைத்த தலை, கழுவியதும் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. பழுத்த, பளபளக்கிற, ஊதாக் கத்தரிக்காய். பிசெர்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து லியுபிங்கா உள்ளே வந்தாள். கணவனின் தலையைக்கூடப் பார்க்காமல் வூகாவின் தலையைப் பார்த்தாள்.

“இது என்ன நிறம் வூகா அம்மா?”

வூகா கண்ணாடியில் தன்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள்.

“ஐரோப்பியத் தரம்,” என்றாள்.

“எனக்கும் அதேதான் வேணும்,” என்றாள் லியுபிங்கா. அன்று மாலை மேடையில் அவள் அந்தத் தலையோடு நின்றதையும், அடுத்த வாரத்துக்குள் ஊரில் நாற்பது பெண்கள் கத்தரிக்காயானதையும், மேயரின் மாமியார் இதை முதலில் செய்தது தான்தான் என்று சண்டைக்குப் போனதையும் தனியாகத்தான் எழுத வேண்டும். சரியான நிறம் வர, பதினொன்றே காலுக்குக் கழுவ வேண்டியதைப் பன்னிரண்டு பத்துவரை கழுவாமல் இருக்க வேண்டும் என்பதைப் பிசெர்கா தொழில் ரகசியமாக வைத்திருக்கிறாள்.

தெசங்கா பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு இருபத்தெட்டு. தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வணக்கம் சொன்னார். அலுவலகக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். எல்லா ஜன்னல்களும் காகிதப் பட்டை ஒட்டி முத்திரையிடப்பட்டிருந்தன. வேர்வையும் கோப்பு வாசமும் கலந்து, காற்று நெய்போல உறைந்து நின்றது. எல்லோரும் பத்திரமாக இருந்தார்கள்.

கவுண்டர் பெண் ஸ்தானா, களைத்த முகத்துக்காரி. “உக்காருங்கக்கா. இங்க பாருங்க. சிரிக்காதீங்க.”

தெசங்கா சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருப்பதும் அன்று அவளுக்கு அழகாகத்தான் வந்தது. கேமரா சொடுக்கியது. ஸ்தானா திரையைப் பார்த்தாள். மறுபடி சொடுக்கினாள். மறுபடி பார்த்தாள்.

“அக்கா, இது நீங்க இல்லையாமே.”

“என்னது?”

“பழைய படத்தோட ஒப்பிட்டுப் பாக்குது. நூத்துக்கு முப்பத்தொண்ணுதான் பொருந்துது. எழுபது வேணும். வேற யாரோன்னு சொல்லுது.”

“நான்தாம்மா. நீயே பாரு, நான்தானே?”

ஸ்தானா பழைய படத்தைப் பார்த்தாள். புதியவளைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். “எனக்கும் தெரியலக்கா,” என்றாள். “நிஜம்மாச் சொல்லட்டுமா? இது நீங்கன்னா அது நீங்க இல்ல. அது நீங்கன்னா இது நீங்க இல்ல. அரசாங்கப் பதிவுல இருக்கிறது அதுதான்.”

“அப்ப என்ன செய்யறது?”

“நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்கணும். கோர்ட்டுல மனு போடலாம். பிப்ரவரிக்குள்ள ஆயிடும்.” கொஞ்சம் தயங்கினாள். மேஜையோரம் பெகோனியாச் செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைப் பார்த்தாள். பழைய படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். “இல்லாட்டா... அக்கா, தப்பா நெனைக்கக் கூடாது. தலையைக் கொஞ்சம் குனிங்க.”

தெசங்கா கவுண்டர் கண்ணாடியில் தெரிந்த தன் நிழலைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். அதன் உச்சி இன்னும் இறங்கவில்லை. பிசெர்கா சொன்னதுபோல ஒரு முடி கலையவில்லை. பிறகு நெவெனாவை நினைத்துக்கொண்டாள். பெட்டியோடு வந்து இறங்கும் சம்பந்தியம்மாளையும் நினைத்துக்கொண்டாள். குனிந்தாள்.

பாட்டில் முழுவதும் தேவைப்பட்டது. நெற்றியில் சரியாக ஒட்ட வேண்டும் என்பதற்காக ஸ்தானா பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, கற்றை கற்றையாகத் தன் விரலாலேயே ஒட்டிவிட்டாள். அவளும் கைகாரிதான்.

சொடுக்கு.

“தொண்ணூத்து நாலு,” என்றாள் ஸ்தானா நிம்மதியாக. “வாழ்த்துகள்கா. இது நீங்கதான். பத்து வருஷத்துக்குக் கவலை இல்ல.”

தெசங்கா எழுந்து வாசலுக்கு நடந்தாள். வாசலில் சீருடைக் காவலர் கையை நீட்டி மறித்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அவளே சொன்னாள். “பிரிவு பத்தொன்பது.”

“ஆமாம்மா. காயிற வரைக்கும் உக்காருங்க.”

ஸ்தானா கொடுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். கழுத்து வழியாகத் தண்ணீர் முதுகுக்குள் இறங்கியது. ஒரு மணி. ஒன்றரை. அந்த உறைந்த காற்றில் எதுவும் காய்கிற மாதிரி இல்லை. ஸ்தானாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. உணவு இடைவேளைக்கு எழுந்தவள், யாரும் பார்க்காத மாதிரி ஜன்னலருகே போய், முத்திரைக் காகிதத்தை நகத்தால் மெல்லக் கிழித்து, ஒரு கதவைத் திறந்துவிட்டாள். அதே நேரம் எதிரே வாசற்கதவைத் திறந்துகொண்டு யாரோ உள்ளே வந்தார்.

ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு காற்று கூடத்தின் குறுக்கே போனது. மேஜைமேல் காகிதங்கள் எழுந்தன. நாற்பது முகங்களில் வேர்வை அடங்கியது. தெசங்காவின் நெற்றியில் ஒட்டியிருந்த கற்றை தானாகப் பிரிந்து, காய்ந்து, பிசெர்கா விட்ட வளைவுக்கே மறுபடி திரும்பத் தொடங்கியது. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டிருந்தால் போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம்.

“யாரு அங்க ஜன்னலைத் திறந்தது?” என்று ஒரு குரல் கேட்டது. “காத்து குறுக்க வருது, சாத்துங்க. எங்களைக் கொல்லப் பாக்கிறீங்களா?” உடனே நாற்பது குரல்கள் சேர்ந்துகொண்டன. காவலர் ஓடினார். ஜன்னல் சாத்தப்பட்டது. ஸ்தானாவிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பு எழுதப்பட்டது.

மனுவில் முதல் கையெழுத்தைப் போலவே, அந்த முதல் குரலும் தெசங்காவுடையதுதான். சொல்லிவிட்டு, ஈரத்துண்டைக் கிட்னிப் பக்கம் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, காய்வதற்காக மறுபடி உட்கார்ந்தாள்.